உறுமலுக்கு விழுந்த அடிகள்

எங்கள் பண்ணை நாய் உறுமுவதை நிறுத்தியதற்கு நான்தான் காரணம். கொஞ்ச நாள் அதை ஒரு சாதனையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒரு பயம் வந்தது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு ஷெட்டு, ஒரு தீவன அறை, முட்டை அடுக்க ஓர் அறை, கேட்டை ஒட்டி இரண்டு அறை வைத்த வீடு. அந்த வீட்டில் நானும் மனைவியும் நான்கு வயது மகளும். முதலாளி நாமக்கல்லிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை காரில் வந்து போவார். மற்ற நாட்களில் ஒரு கோழி தும்மினாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாய் எனக்கு முன்பே அங்கே இருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கி விழுந்திருக்கும், நல்ல உயரம். மகள் அதைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் அவளுக்கு அடுத்து யாரும் பிறக்கவில்லை. அந்த இடத்தை நாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குள் ஒரு நடை போய், கூண்டுகளில் செத்துக் கிடக்கிற கோழிகளை எடுத்து வருவது எங்கள் முதல் வேலை. ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிற இடத்தில் தினமும் ஒன்றிரண்டு சாகத்தான் செய்யும். எல்லாவற்றையும் குழியில் போட்டு மூட வேண்டும். ஆனால் அதில் ஒன்று நாய்க்கு. எங்கள் பக்கத்துப் பண்ணைகள் பலவற்றில் அப்போது அதுதான் வழக்கம். “நாய்க்குத் தனியா ஆக்கிப் போட இதென்ன மாமியார் ஊடுங்களா?” என்று எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நானும் யோசிக்கவில்லை. காலைப் பிடித்துத் தூக்கி எறிவேன். நாய் தாவிக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் கூண்டுக் கதவின் கொக்கி கழன்று ஒரு கோழி தரையில் இறங்கிவிட்டது. அது தத்தித் தத்தித் தீவன அறை வாசல்வரை வந்தது. நாய் ஒரே கவ்வாகக் கவ்வியது. தினமும் காலையில் நான் எறிகிற கோழி அன்றைக்குத் தானே நடந்து வந்து எதிரில் நின்றது, அவ்வளவுதான். நாய்க்கு வேறென்ன தோன்றியிருக்கும் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, முதலாளி பார்த்தால் என்ன சொல்வார் என்பது மட்டும்தான்.

தீவன மூட்டை இறக்க வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

“கோழி ருசி கண்டுருச்சுங்க. இனி அடங்காது.”

“அடங்காம என்ன? அந்தக் கோழியவே கழுத்துல கட்டி உடுங்க. அழுகி உழுகற வரைக்கும் சுமக்கட்டும். அப்பறம் ஜென்மத்துக்கும் கோழிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது.”

தினமும் கோழி போட்ட கையாலேயே அதைச் செய்தேன். சணல் கயிற்றில் செத்த கோழியைக் கோத்து நாயின் கழுத்தில் கட்டினேன். நீளமான தண்ணீர் பைப்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்து நாலு போடும் போட்டேன். மூன்று நாள் வெயில். நாய் படுக்கவும் முடியாமல், ஓடவும் முடியாமல், ஈ மொய்க்க அலைந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தம்பி ஏம்ப்பா கோழியைச் சட்டையாட்டம் போட்டிருக்கான்?” என்று கேட்டாள். “தப்புப் பண்ணிட்டான் சாமி” என்றேன். என்ன தப்பு என்று அவள் கேட்டிருந்தால் எனக்கு விளக்கத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அவிழ்க்கப் போனேன். கையை நீட்டியதும் நாய் பல் தெரிய உறுமியது. “என்னையே உறுமறயா?” என்று பைப்பை எடுத்தேன். அதன் பிறகு உறுமினால் அடி என்பது எனக்கு ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. முட்டை லாரியில் வருகிற ஆட்களைப் பார்த்து உறுமினால் அடி. தின்கிறபோது யாராவது பக்கத்தில் போய் அது உறுமினால் அடி. செத்த கோழி போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. காலையில் கோழி, அப்புறம் பைப்பு. இந்தக் கணக்கில் இருந்த கோளாறு எனக்குத் தெரியவே இல்லை.

ஒன்றரை மாதத்தில் நாய் சத்தம் போடுவதை விட்டுவிட்டது. யார் வந்தாலும் சும்மா பார்க்கும். முதலாளி காரிலிருந்து இறங்கி, “பரவால்லியே, நாயப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்பிப் படிக்க வெச்சாப்பல பண்ணிட்டீங்க” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முட்டை எடுக்கிற அக்கா ஒருவர் எங்களிடம் வேலை பார்க்கிறார். ஐம்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் சொன்னதில் பாதியையாவது எழுதி வைத்திருக்க வேண்டும். அவர் மட்டும் தட்டை அடுக்கிக்கொண்டே, “திருந்தலீங்க மேனேஜரே. வாயத் தெச்சுக்கிச்சு” என்றார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிறவர்களில் ஒருவர் கீழே விழுந்த காலித் தட்டை எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் நாய் தின்றுகொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாய் தின்பதை நிறுத்தியது. உடம்பு முழுக்க அப்படியே நின்றது. அடுத்த நொடி அவருடைய கெண்டைக்கால் அதன் வாயில் இருந்தது. ஓர் உறுமல் இல்லை, ஒரு குரைப்பு இல்லை. கத்தியது அந்த மனிதர் மட்டும்தான்.

குழாயடியில் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவி, வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டே, “உறுமியிருந்தா நான் அக்கட்டால போயிருப்பேனுங்க. கம்முனு இருந்துச்சே” என்றார். வழி நெடுக அதையே இரண்டு மூன்று முறை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, நாயின் பக்கத்தில் குனிகிற உருவம் என் கண்ணில் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அது என் மகளாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மகளைத் தேடினேன். வாசலில் உட்கார்ந்து முறுக்கை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள். பாதி அவளுக்கு, பாதி தம்பிக்கு. தினமும் கொடுப்பாளாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாயைச் சங்கிலியில் கட்டினேன்.

என் மனைவிக்குச் சேலம் அம்மாபேட்டை. தறி ஓட்டுகிற குடும்பம். நடந்ததைச் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. “எங்க வீட்ல தறி ஓடற சத்தத்துக்கு யாரும் திரும்பக்கூட மாட்டோங்க. சத்தம் நின்னாத்தான் எந்திரிச்சு ஓடுவோம். இந்த நாய் சத்தம் நின்னு எத்தனை நாளாச்சு? நீங்க சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க.” பிறகு, “ஒண்ணு நாய் போகணும், இல்லைன்னா நானும் பாப்பாவும் அம்மாபேட்டைக்குப் போறோம்” என்றாள்.

நாயை அனுப்ப வழி இருந்தது. லாரி டிரைவர், “சாக்குல போட்டுக் கட்டிக் குடுங்க, ஆத்தூர் பக்கம் எங்கியாச்சும் எறக்கி உட்டுட்டு வாரேன்” என்றார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆத்தூர் பக்கமும் பிள்ளைகள் முறுக்குத் தின்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உறுமத் தெரியாத ஒரு நாயை நானே செய்து முடித்து, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். அதுவும் பயமாக இருந்தது. “ஒண்ணரை மாசம் குடு” என்று மனைவியிடம் கேட்டேன். “பாப்பா கிட்ட வராம நீங்க பாத்துக்கிட்டா சரி” என்றாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நாய்க்கு ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், பத்து நாள் கட்டிப்போட்டு அதன் நடவடிக்கையைப் பார்க்கச் சொன்னார். கோழி கட்டிய கதை, பைப்புக் கதை எல்லாவற்றையும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

“உறுமறது நாய் உங்களுக்குக் குடுக்கற எச்சரிக்கை. நீங்க எச்சரிக்கையைத்தான் அடிச்சு நிறுத்தியிருக்கீங்க. அதோட பயம் அப்படியே உள்ள இருக்கு. அடிக்க அடிக்க அது கூடத்தான் செஞ்சிருக்கும்.”

“இப்ப என்னங்க பண்றது?”

“செத்த கோழி போடறதை இன்னைக்கே நிறுத்துங்க. சமைச்ச சோறு, நேரத்துக்கு வைங்க. ஆள் வர்றப்ப எல்லாம் நல்ல தீனி ஏதாவது தூரத்துல இருந்தே போடுங்க. ஆள் வந்தா அடி விழும்னு தெரிஞ்சு வெச்சிருக்கு, அது மாறணும். குழந்தையை மட்டும் கிட்ட விடாதீங்க. சரியாயிருச்சுன்னு உங்களுக்குத் தோணறப்ப இன்னும் ஜாக்கிரதையா இருங்க.”

பத்து நாளும் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். தண்ணீர் குடிக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா, கண் எப்படி இருக்கிறது. ஒரு நாள் தொண்டையைச் செருமியதற்கே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஒன்றும் இல்லை. பத்து நாள் முடிந்தது. கடிபட்டவரும் காலைத் தாங்கித் தாங்கி வேலைக்கு வந்துவிட்டார்.

சங்கிலி எட்டுகிற தூரத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் தரையில் வட்டமாக ஒரு கோடு போட்டேன். ஷெட்டுத் தரையில் தூவுகிற அதே சுண்ணாம்பு. மகளிடம், “இந்தக் கோட்டுக்கு உள்ள தம்பி ஊடு. நீ உள்ள போகக்கூடாது” என்றேன். “தம்பி மட்டும் வெளிய வரலாமா?” என்று கேட்டாள். “அவனும் வரக்கூடாது.” “அப்பறம் எப்படி விளையாடறது?” மீதிச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போய்விட்டேன்.

முட்டைப் பண்ணையில் தீனிக்கா பஞ்சம்? உடைசல் முட்டைகளை வேகவைத்து, துண்டு துண்டாக்கி ஒரு டப்பாவில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு துண்டை எறியக் கையை ஓங்கினேன். நாய் தரையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியது. முட்டை அதன் மூக்குக்கு முன்னால் விழுந்தது. அது கண்ணைத் திறக்கவே இல்லை. என் கை ஓங்கினால் என்ன வரும் என்று நான்தானே கற்றுக் கொடுத்திருந்தேன்? எனக்கும் அதனிடம் பயம். முட்டையை எறிந்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார். “ஏனுங்க மேனேஜரே, பொண்ணு பாக்கப் போன எடத்துல நிக்கறாப்பல நிக்கறீங்க? ரெண்டு பேருமே தலையக் குனிஞ்சுக்கறீங்க?”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா. இது கடிச்சா வலிக்கும்.”

“பொண்ணும் அப்பிடித்தானுங்க.”

அதன் பிறகு கையை ஓங்காமல், இடுப்புக்குக் கீழேயிருந்து உருட்டிவிடக் கற்றுக்கொண்டேன். லாரி வந்து நின்றால் ஒரு துண்டு. ஆள் இறங்கினால் ஒரு துண்டு. தட்டு விழுந்து சத்தம் கேட்டால் ஒரு துண்டு. முதலாளி ஒரு நாள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். “அடிச்சு வளத்துன நாய்க்கு இப்ப ஊட்டி விடறீங்களாக்கும்? நாளைக்குத் தாலாட்டும் பாடுவீங்க.” நான் இன்னொரு துண்டை உருட்டிவிட்டேன். பைப்பு எடுத்தபோது என்னை மெச்சியவரும் இவர்தான்.

இரண்டு வாரத்தில் அது என்னைக் கண்டு கண்ணை மூடுவதை விட்டது. மூன்றாவது வாரம் லாரிச் சத்தம் கேட்டதும் என் இடுப்பு டப்பாவைப் பார்த்தது. வாலும் கொஞ்சம் ஆடியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. சத்தம் இன்னும் வரவில்லையே. வால் ஆடுவது ஒரு பக்கம், அது எப்போது எதை வேண்டாம் என்று நினைக்கிறது என்பது எனக்குத் தெரிந்தால்தானே? தூக்கத்திலாவது உறுமுகிறதா என்று கூடக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம். நான் இரண்டாவது ஷெட்டின் கடைசியில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மகள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

கையில் ஓர் அவித்த முட்டை. நான் செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறாள் அல்லவா? அப்பா செய்தால் நல்லதுதான் என்று நினைத்திருக்கிறாள். நாய் சோற்றுச் சட்டியில் வாய் வைத்திருந்தது. அவள் குனிந்து சட்டிக்குள் முட்டையை வைக்கப் போனாள்.

நாய் தின்பதை நிறுத்தியது. அதே மாதிரி உடம்பு முழுக்க அப்படியே நின்றது.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் முப்பது நாற்பது அடி இருந்தது. ஓடினாலும் எட்டாது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நாய்க்கு என் கத்தல் என்றால் பைப்பு. கத்தினால் அது என்ன செய்யும், யார் மேல் பாயும்? தொண்டையில் வந்த சத்தத்தை அப்படியே விழுங்கினேன். இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. ஷெட்டுக்குள் அத்தனை கோழிகளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. அடித்தொண்டையில், தூரத்தில் லாரி மேடேறுவது மாதிரி ஓர் உறுமல்.

மகளின் கை பாதியில் நின்றது. அவள் என் பக்கம் திரும்பி, “அப்பா, தம்பி திட்டறான்” என்றாள். உதடு பிதுங்கிவிட்டது.

“ஆமா சாமி” என்றேன். என் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மெதுவாகத்தான் வந்தது. “அவனுக்கு இப்ப வேண்டாமாம். அப்பிடியே பின்னால வா. மெதுவா. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு.”

அவள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாள். கோட்டைத் தாண்டியதும் முட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடிவந்தாள். நாய் உறுமலை நிறுத்திவிட்டுத் திரும்பச் சட்டியில் வாயை வைத்தது. அவளை வாரித் தூக்கியபோது அவள் நெஞ்சு அடிப்பது எது, என் நெஞ்சு அடிப்பது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த முட்டையை நாயின் பக்கம் உருட்டிவிட்டேன். உறுமியதற்கு இந்தக் கையிலிருந்து அதற்கு அடி விழாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். நான், “உறுமுச்சு, கேட்டியா? உறுமிருச்சு” என்று பிள்ளை பிறந்த சேதி மாதிரி சொன்னேன். அவள் மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

“இன்னைக்கு உறுமுச்சு. நாளைக்கும் உறுமும்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுமா?”

முடியாது. பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயந்திரமே இருவரையும் அம்மாபேட்டைக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் ஜன்னலில் மகள் கேட்டாள்: “தம்பி கோவம் போனதும் கூப்பிடுவியாப்பா?”

மறுநாளே முதலாளியிடம் பேசினேன். பழைய கூண்டுகளைக் கழற்றியபோது மிஞ்சிய கம்பி வலை மூலையில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடைப்புக் கட்டினேன். அக்காவும், கடிபட்ட அந்த மனிதரும் கூட நின்று கம்பி முறுக்கினார்கள். “என்னைக் கடிச்ச நாய்க்கு நானே ஊடு கட்டறனே, இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்றது” என்று அவர் சொல்ல, “உங்களுக்குப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை உண்டுங்க” என்றார் அக்கா. வேலை முடிந்து கதவுக்குக் கொக்கி வைத்தேன். உள்ளே நாய்க்குச் சங்கிலி இல்லை.

ஒரு வாரம் கழித்து மனைவி மகளோடு வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக அடைப்புக்குப் போனாள். வலையை ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். நாய் எழுந்து வந்து அவளைப் பார்த்து உறுமியது. என் கை டப்பாவுக்குப் போனது. அவள் உறுமல் அடங்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு, “கொக்கி போதாது” என்றாள். கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தேன். சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போதும் காலையில் சோற்றுச் சட்டியும் முட்டை டப்பாவுமாக அவளிடம் போய் நிற்கிறேன். சாவி அவள் கழுத்துச் செயினில் பின்னூசியோடு தொங்குகிறது. கொடு என்றால் உடனே கொடுக்க மாட்டாள். “பாப்பா எங்க?” என்று கேட்பாள். உள்ளே தூங்குகிறாள், பல் விளக்குகிறாள் என்று நான் சொல்வேன். நான் சொன்னது போதாமல் ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பின்னூசியைக் கழற்றுவாள்.